துறைமுகத்துப் பாட்டுக்காரன்

கிரேக்க நாடு என்றதும் நம் நினைவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் இறந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. சாக்ரடீஸ், பிளேட்டோ, அலெக்ஸாந்தர் என்ற மூன்று பெயர்களோடு பள்ளிக்கூடத்துச் சரித்திர வாத்தியார் அந்தத் தேசத்தை முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அங்கே மனிதர்கள் பிறந்தார்களா, பிழைத்தார்களா, பாட்டுப் பாடினார்களா என்று நாமும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

பளிங்குத் தூண்கள் நிற்கும் ஆதென்ஸ் குன்றிலிருந்து ஐந்தாறு மைல் போனால் கடல் வந்துவிடும். அங்கே இருப்பது பிரேயஸ் துறைமுகம். பிளேட்டோவின் 'குடியரசு' தொடங்குவதே சாக்ரடீஸ் பிரேயஸுக்குத் திருவிழாப் பார்க்கப் போன கதையில்தான். அந்தத் திருவிழாவுக்கு உரிய தெய்வமும் உள்ளூர்த் தெய்வம் அல்ல. திரேஸ் நாட்டிலிருந்து வந்து குடியேறிய அம்மன். கப்பல் வந்து நிற்கிற ஊருக்கு அதுதானே குணம்! வெளியிலிருந்து வந்தவர்களை வைத்தே அந்த ஊர் எப்போதும் வாழ்ந்திருக்கிறது.

அந்தத் துறைமுகத்துக்கு மேற்கே கிடக்கும் தொழிலாளர் பேட்டைகளில் வாழ்ந்த ஒரு பாட்டுக்காரனைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். பெயர் பாவ்லோஸ் ஃபீஸாஸ். 1979-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிறந்தவன். கப்பல் வேலை பார்த்த தகப்பனுக்குப் பிள்ளை. தானும் கப்பல் தளத்தில் வேலை செய்தவன். உலோகத் தொழிலாளர் சங்கத்தில் அங்கத்தினன். 2013-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் தேதி, நள்ளிரவு கடந்த சற்று நேரத்தில், நடுத்தெருவில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டான். வயது முப்பத்து நான்கு.

அவன் பாடியது 'ராப்' என்கிற வகைப் பாட்டு. ஓயாமல் திரும்பத் திரும்ப அடிக்கும் ஒரு தாளத்தின்மேல் எதுகையும் மோனையுமாக வார்த்தைகளை வீசிக்கொண்டே போவது. பாட்டு என்பதா, பேச்சு என்பதா? இரண்டுக்கும் நடுவே ஒரு சமாசாரம். ராகம் தேடுகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். நானும் ராகம் தேடுகிற கட்சிதான். என்றாலும், இது ஏதோ அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான மோகம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பிரேயஸில் அந்தப் பாட்டு வந்து உட்கார்ந்த திண்ணை மிகப் பழைய திண்ணை. அங்கே அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று தெரிந்தால்தான் பாவ்லோஸ் யார் என்பது தெரியும். அதற்கு அவன் பிறப்பதற்கு ஐம்பத்தேழு ஆண்டுகள் முன்னால் போகவேண்டும்.

1922 செப்டம்பர். ஆசியா மைனரில் துருக்கியரோடு நடந்த யுத்தத்தில் கிரேக்க ராணுவம் தோற்றுச் சிதறியது. ஸ்மிர்னா நகரம் பற்றி எரிந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே கடை வைத்தும் தோட்டம் வைத்தும் வாழ்ந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள் கடற்கரையில் வந்து குவிந்தார்கள். முன்னால் கடல், பின்னால் நெருப்பு. அடுத்த ஆண்டு லோஸான் நகரில் இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டன. துருக்கியிலுள்ள கிரேக்கச் சபைக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு. கிரேக்கத்திலுள்ள முஸ்லிம்கள் துருக்கிக்கு. ஓரிரண்டு இடங்களுக்கு மட்டும் விலக்கு. நீ என்ன மொழி பேசுகிறாய், எந்த மண்ணில் உன் பாட்டனைப் புதைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. துருக்கி மொழி தவிர வேறு அறியாத கிறிஸ்தவர்களும், கிரேக்க மொழியே பேசிய முஸ்லிம்களும் முன்பின் பார்த்திராத 'தாய்நாட்டு'க்கு அனுப்பப்பட்டார்கள்.

ஏறக்குறைய 12 லட்சம் பேர் கிரேக்கத்தில் வந்து இறங்கினார்கள். அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையே அப்போது ஐம்பது லட்சத்தைச் சுற்றித்தான். ஆதென்ஸ் நகர நாடகக் கொட்டகையில், சீமான்கள் தனியாக அமர்ந்து நாடகம் பார்க்கும் மாடத்துக்கு ஒரு குடும்பமாகக் குடியேறியது. அந்தக் காட்சியின் புகைப்படம் இருக்கிறது. துணி உலர்கிறது; குழந்தைகள் எட்டிப் பார்க்கின்றன. மேடையில் நாடகம் இல்லை. நாடகம் மாடங்களில் நடக்கிறது.

பிரேயஸின் ஜனத்தொகை எட்டே ஆண்டுகளில் ஏறக்குறைய இரட்டித்தது. கொக்கீனியா, கெரட்ஸீனி, ட்ராபெட்ஸோனா, பெராமா என்ற பேட்டைகள் முளைத்தும் பெருத்தும் வந்த கதை இதுதான். தகரம், பலகை, தார்க் காகிதம் இவைதான் சுவர். உள்ளூர்க்காரர்கள் வந்தவர்களைத் 'துருக்கி விதை' என்று ஏசினார்கள். ஏசினவர்களுக்கும் ஏச்சு வாங்கினவர்களுக்கும் கடவுள் ஒருவர், வேதம் ஒன்று, பெரும்பாலும் மொழியும் ஒன்று. பசி வந்த வீட்டில் விருந்தாளி வந்தால் இப்படித்தான் ஆகிறது. இந்த 'விதை' என்ற சொல்லை மட்டும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதற்கு வேலை வரும்.

வந்தவர்கள் வெறுங்கையோடு வந்தாலும் வாய் கொண்டுவந்திருந்தார்கள். ஸ்மிர்னாவின் காப்பிக் கடைகளில் பாடிய பாட்டு அவர்களோடு வந்தது. துறைமுகத்தில் ஏற்கெனவே ஒரு பாட்டு இருந்தது: சிறைக் கைதிகளும் மூட்டை தூக்குகிறவர்களும் கஞ்சாக் குடிசைகளில் உட்கார்ந்து, நீண்ட கழுத்துள்ள 'புஸூகி' என்ற தந்தி வாத்தியத்தை மீட்டிப் பாடிய பாட்டு. இரண்டும் கலந்தன. 'ரெபெட்டிகோ' என்று பெயர் பெற்ற பாட்டு அப்படித்தான் வளர்ந்தது.

அதன் தலைமகன் மார்கோஸ் வம்வகாரிஸ் அகதி அல்ல. சைரோஸ் தீவில் 1905-இல் பிறந்தவர், கத்தோலிக்கர். பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டு ஓடி பிரேயஸுக்கு வந்தார். கப்பலுக்குக் கரி சுமந்தார். பிறகு கசாப்புக் கூடத்தில் மாட்டுத் தோல் உரித்தார். ஒரு நாள் யாரோ புஸூகி வாசிக்கக் கேட்டவர், ஆறு மாதத்தில் இதைக் கற்றுக்கொள்ளாவிட்டால் என் கையைக் கறிக்கத்தியால் வெட்டிக்கொள்வேன் என்று சபதம் செய்தார். தம் சுயசரிதையில் அவரே சொல்லியிருக்கும் செய்தி இது. கசாப்புக் கூடத்து ஆள் அப்படிச் சொன்னால் அது வெறும் பேச்சு ஆகாது; கத்தி கையிலேயே இருக்கிறது! நல்ல வேளையாக அவர் கற்றுக்கொண்டார். 1934-இல் அவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து 'பிரேயஸ் நால்வர்' என்று பெயர் போட்டுக்கொண்டு கச்சேரி செய்தார்கள். கிராமபோன் தட்டுகள் விற்பனையாயின. பெரிய மனிதர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் காதைப் பொத்தவில்லை. அந்த நால்வரில் ஒருவரான அனெஸ்டிஸ் டெலியாஸ் ஸ்மிர்னாவில் பிறந்த அகதி. ஹெராயின் பழக்கத்தைப் பற்றிப் பாட்டுக் கட்டியவர், அந்த ஹெராயினுக்கே இரையாகி 1944-இல், முப்பதைச் சற்றே கடந்த வயதில் செத்துப்போனார்.

1936-ஆம் ஆண்டைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். அந்த ஆண்டு மே மாதம் தெஸ்ஸலோனிகி நகரில் புகையிலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போலீசார் சுட்டார்கள். இறந்தவர்களில் ஒருவன் ஒரு வாலிபன். தெருவில் கிடந்த அவன் உடலின்மேல் குனிந்து தாய் அழுதாள். யாரோ படம் எடுத்தார். மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. யானிஸ் ரிட்ஸோஸ் என்ற இளங்கவிஞர் படத்தைப் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தார். தாய் பாடும் ஒப்பாரியாக 'எபிடாஃபியோஸ்' என்ற நெடும் பாட்டு பிறந்தது. மூன்றே மாதத்தில், ஆகஸ்டு 4-ஆம் தேதி, மெடாக்ஸாஸ் என்ற தளபதி சர்வாதிகாரியாகிவிட்டார். அந்தப் புத்தகத்தின் மிச்சப் பிரதிகளை ஆதென்ஸில் ஒலிம்பஸின் தெய்வமான ஸியூஸின் கோவில் தூண்களுக்கு அருகே போட்டுக் கொளுத்தினார்கள். அதே கையோடு இசைத்தட்டுகளுக்கும் தணிக்கை வந்தது. கஞ்சாப் பாட்டுக்கூடாது, துருக்கி வாடை அடிக்கும் ஆலாபனை கூடாது, முதலில் எழுதிக் காட்டு, பிறகு பாடு! மார்கோஸ் வார்த்தைகளை மாற்றிக்கொண்டு பிழைத்தார். கவிஞரின் ஏட்டையும் கஞ்சாக் குடிசைக்காரரின் தட்டையும் ஒரே சர்க்கார் ஒரே சமயத்தில் பயத்தோடு பார்த்தது என்பது எனக்கு மிகவும் சுவாரசியமான விஷயம். அதற்கு முன்னால் அந்த இருவரையும் சேர்த்து நினைத்தவர்கள் கிரேக்கத்தில் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

அவர்களை நிஜமாகவே சேர்த்துவைத்தவர் மிக்கிஸ் தியோடராகிஸ். 1960-இல் அவர் ரிட்ஸோஸின் ஒப்பாரிக்கு இசை அமைத்து, அதைப் புஸூகியோடு பதிவு செய்தார். இரண்டு பக்கத்திலிருந்தும் கூச்சல். கவிதையைக் கள்ளுக்கடைக்குக் கொண்டுபோய்விட்டான் என்றார்கள் படித்தவர்கள். ஜனங்கள் பாடினார்கள். ஒரு தடவை ஜனங்கள் பாடிவிட்டால் பிறகு யார் என்ன சொல்லி என்ன?

பிறகு நடந்தவற்றை விரைவாகவே சொல்லிவிடலாம். 1963 மே மாதத்தில், தெஸ்ஸலோனிகியில் சமாதானக் கூட்டம் ஒன்றில் பேசிவிட்டு வெளியே வந்த கிரிகோரிஸ் லம்பிராகிஸ் என்ற பார்லிமெண்டு அங்கத்தினரை, மூன்று சக்கர வண்டியில் வந்த வலதுசாரிக் குண்டர்கள் தலையில் அடித்து வீழ்த்தினார்கள். போலீசார் சுற்றிலும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். ஐந்து நாளில் அவர் இறந்தார். 1967-இல் ராணுவக் கர்னல்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். தியோடராகிஸின் பாட்டைப் பாடுவதும் கேட்பதும் குற்றம் என்று உத்தரவு போட்டார்கள். 1974-இல் அவர்கள் ஆட்சி விழுந்தது. ஐந்து ஆண்டு கழித்துப் பாவ்லோஸ் பிறந்தான்.

அவன் சிறுவனாக இருந்தபோது ரெபெட்டிகோ கௌரவமடைந்துவிட்டது. கஞ்சாக் குடிசையின் வாத்தியம் ஓட்டல்களில் வெள்ளைக்காரப் பிரயாணிகளுக்காக ஒலிக்கத் தொடங்கியது. பாட்டு கௌரவமடைந்தால் வீட்டைக் காலி செய்கிறது. துறைமுகத்துத் திண்ணை காலியாக இருந்தது.

நியூயார்க்கில் பிராங்க்ஸ் என்ற ஏழைப் பகுதியில், 1973-இல் தொடங்கிய ஒரு விளையாட்டுத்தான் ஹிப்ஹாப். இரண்டு இசைத்தட்டுகளை வைத்துக்கொண்டு, பாட்டின் நடுவே தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் துண்டை மாற்றி மாற்றித் திருப்பி ஓட்டுவது. அதன்மேல் ஒருவன் வாய்க்கு வந்ததைச் சந்தமாகச் சொல்வது. வாத்தியம் வாங்கப் பணம் வேண்டாம்; வாத்தியாரும் வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய தட்டு போதும். கூலிக்காரன் பிள்ளைக்கு இதைவிட வசதியான கலை உண்டா? பிற்காலத்தில் ஓசைத் துண்டுகளை வெட்டி ஒட்டும் இயந்திரங்கள் வந்தபோது, தாளத்தைத் தயார் செய்கிறவனே பாட்டின் பாதி ஆசிரியன் ஆனான். 'தயாரிப்பாளர்' என்று அவனை அழைக்கிறார்கள். சினிமாத் தயாரிப்பாளரைப் போலப் பணம் போடுகிறவர் அல்ல. ஓசையைத் தச்சு வேலை செய்கிறவர்.

இந்த விளையாட்டு 1980-களின் இறுதியில் கிரேக்க இளைஞர்களைத் தொற்றிக்கொண்டது. பெராமாவில், கப்பல்கள் பழுதுபார்க்கும் கரையை ஒட்டிய அந்தக் குன்றுச் சரிவில், மிகாலிஸ் மிடாகிடிஸ் என்ற இளைஞர் 1992-இல் 'ஆக்டிவ் மெம்பர்' என்ற குழுவைத் தொடங்கினார். பி.டி. ஃபாக்ஸ்மூர் என்று மேடைப் பெயர் வைத்துக்கொண்டார். பெயர் என்னவோ இங்கிலீஷ், பாட்டு கிரேக்கம். 1993-இல் வெளிவந்த அவர்களுடைய தட்டுக்கு 'எதிர்ப்பு' என்று பொருள்படும் பெயர். கிரேக்க மொழியில் வெளிவந்த முதல் ஹிப்ஹாப் தட்டுகளில் அது ஒன்று.

பாட்டு எழுதுவதும் தாளம் அமைப்பதும் ஒருவராகவே இருந்த ஃபாக்ஸ்மூர் ஒரு காரியம் செய்தார். அமெரிக்கத் தாளத்தின் வேகத்தைக் குறைத்தார். தணிந்து, கனத்து, மெதுவாக அடியெடுத்து வைக்கும் ஒரு தாளம். அதற்கு 'லோ பாப்' என்று பெயர் வைத்தார். கிரேக்கச் சொற்கள் நீளமானவை. விகுதியெல்லாம் சேர்ந்து வால் நீண்டவை. ஆங்கிலத்தின் ஓரசைச் சொல்லுக்காக அமைந்த ஓட்டத்தில் அவற்றைத் திணித்தால் மூச்சு முட்டும். நீள நீளமான சொற்களை வைத்துக்கொண்டு பிழைக்கிற மொழிக்காரர்களாகிய நமக்கு இந்தச் சங்கடம் விளக்காமலே புரியும். தாளம் தணிந்ததும் சொல்லுக்கு இடம் கிடைத்தது, சொல் நின்றது. கேட்கிறவன் வார்த்தையைக் கவனித்தான். அது வெறும் சங்கீத விஷயமாக நிற்காமல், பணத்துக்கும் படாடோபத்துக்கும் எதிரான ஒரு கூட்டத்தின் அடையாளமாகவும் ஆயிற்று. மற்ற குழுக்களும் தோன்றின. கேலியும் கிண்டலுமாகப் பாடிப் பணம் சேர்த்தவர்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. துறைமுகத்தின் குரல் மட்டும் தணிந்த தாளத்திலேயே ஒலித்தது.

இந்தக் கூட்டத்தின் நடுவேதான் பாவ்லோஸ் பாட்டுக் கட்டத் தொடங்கினான். 'கில்லா பி' என்பது அவன் வைத்துக்கொண்ட பெயர். கொலைகாரன் என்ற பொருள் காதில் விழுகிறது அல்லவா? கடந்த காலத்தைக் கொல்கிறவன் என்பது அதன் விளக்கம். பழமையைக் கொல்லப் போவதாகப் பெயர் சூட்டிக்கொண்டவனைக் கடைசியில் மிகப் பழைய ஒன்று வந்து கொன்றது.

அவனுடைய கலைவாழ்க்கையைப் பெரிதுபடுத்த எனக்கு விருப்பமில்லை. பெரிய இசைத்தட்டுக் கம்பெனி எதுவும் அவனைத் தோளில் தூக்கவில்லை. நண்பர்களோடு சேர்ந்து பதிவு செய்தான். சிறு மண்டபங்களிலும் திறந்த வெளிகளிலும் பாடினான். பேட்டைகளில் அவனைத் தெரியும். பேட்டைக்கு வெளியே அதிகம் தெரியாது. பருத்த உடம்பு, கனத்த குரல். கஷ்டம், வேலை, அஞ்சாமல் நிற்பது இவைதான் அவன் எடுத்துக்கொண்ட பொருள்கள். 'ஸோரியா' என்ற அவன் பாட்டின் தலைப்புக்கே கஷ்டங்கள் என்றுதான் அர்த்தம். தன்னை நாஜி விரோதி என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிக்கொண்டான். சமாதானமான காலத்தில் அது ஒரு கொள்கை. 2012-ஆம் ஆண்டின் பிரேயஸில் அது ஒரு விலாசம். தேடி வருவதற்கு விலாசம் போதும்.

ஏன் அப்படி ஆயிற்று? 2010-இல் கிரேக்க அரசாங்கம் கடனில் மூழ்கியது. ஐரோப்பியக் கடன்காரர்கள் புதுக் கடன் கொடுத்தார்கள். பதிலுக்குச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டச் சொன்னார்கள். 2013-இல் வேலை தேடுகிறவர்களில் நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கு வேலை இல்லை; இளைஞர்களில் பாதிக்குமேல் சும்மா இருந்தார்கள். பெராமாவின் கப்பல் தளங்களில் சுத்தியல் சத்தம் ஓய்ந்தது.

அந்த மௌனத்தில் ஒரு கட்சி பேசியது. 'கிறிஸி அவ்கி', அதாவது 'பொன் விடியல்' என்று பெயர். ஹிட்லரை மெச்சுகிறவர்கள் தொடங்கிய கட்சி. 2009-ஆம் ஆண்டுத் தேர்தலில் இருபதாயிரம் வோட்டுக் கூட வாங்கவில்லை. 2012 மே மாதத் தேர்தலில் நாலு லட்சத்துக்கு மேல் வாங்கியது. பார்லிமெண்டில் 21 இடம். கிரேக்கர்களுக்கு மட்டும் என்று சொல்லி அரிசியும் உருளைக்கிழங்கும் கொடுத்தார்கள். இரவில் கறுப்புச் சட்டையோடு சென்று அந்நியர்களை அடித்தார்கள். அவர்களுடைய கிளை ஒன்று நிகேயாவில் இருந்தது. நிகேயா என்பது வேறு எதுவுமல்ல, பழைய கொக்கீனியா. 'துருக்கி விதை' என்று ஏச்சு வாங்கியவர்கள் குடிசை போட்ட அதே ஊரில், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வாழும் தெருக்களில், அந்நியனே வெளியேறு என்று கூச்சல் எழுந்தது.

அந்த ஊருக்கு வேறொரு ஞாபகமும் உண்டு. 1944 ஆகஸ்டு 17-ஆம் தேதி ஜெர்மானிய ராணுவமும் அதன் கிரேக்கக் கைக்கூலிகளும் கொக்கீனியாவை வளைத்தார்கள். ஆண்களையெல்லாம் மைதானத்தில் உட்காரவைத்தார்கள். முகமூடி போட்ட உள்ளூர்க்காரர்கள் வரிசை வரிசையாக நடந்து, 'இவன், இவன்' என்று விரலால் சுட்டினார்கள். சுட்டப்பட்டவர்களை அங்கேயே சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். ஆயிரக்கணக்கானோரைக் கைதிகளாகக் கொண்டுபோனார்கள்.

2012 ஜூனில் பெராமாவில் எகிப்திய மீன்பிடித் தொழிலாளர்கள் குடியிருந்த வீட்டைக் கறுப்புச் சட்டைகள் தாக்கின. 2013 ஜனவரியில், விடியுமுன் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஷேஸாத் லுக்மான் என்ற பாகிஸ்தானி வாலிபனை ஆதென்ஸில் இரண்டு பேர் குத்திக் கொன்றார்கள். செப்டம்பர் 12-ஆம் தேதி இரவு, பெராமாவில் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்த கம்யூனிஸ்டுத் தொழிலாளர்களைத் தடிகளோடு தாக்கினார்கள். அடிபட்டவர்களில் பாவ்லோஸ் சேர்ந்திருந்த உலோகத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரும் ஒருவர். ஆறாம் நாள் பாவ்லோஸின் முறை வந்தது.

செப்டம்பர் 17-ஆம் தேதி இரவு பிரேயஸின் ஒலிம்பியாக்கோஸ் அணிக்கும் பாரிஸ் அணிக்கும் கால்பந்துப் போட்டி. கெரட்ஸீனியில் ஒரு காப்பிக் கடையில் பாவ்லோஸும் அவன் காதலியும் சில நண்பர்களும் டெலிவிஷனில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாரிஸ் நாலுக்கு ஒன்று என்று ஜெயித்தது. கடையில் இருந்த யாரோ அவனை அடையாளம் கண்டு சொல்லியனுப்ப, நிகேயா கிளையிலிருந்து தொலைபேசிக் குறுஞ்செய்திகள் பறந்தன. ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது தடிகளோடு டஜன் கணக்கில் ஆட்கள் நின்றார்கள். மோட்டார் சைக்கிள் போலீசாரும் அங்கே இருந்தார்கள். நண்பர்கள் தப்பட்டும் என்று பாவ்லோஸ் பின்தங்கி நின்றான். ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய ரூபாகியாஸ் என்ற நாற்பத்தைந்து வயது ஆள், சண்டை போடவில்லை, பேசவில்லை. நேராக வந்து மார்பில் குத்தினான்.

உயிர் போகும் முன் பாவ்லோஸ் ஒரு காரியம் செய்தான். குத்தியவனைப் போலீசாருக்குச் சுட்டிக் காட்டினான். அதனால்தான் கொலையாளி அந்த இடத்திலேயே பிடிபட்டான். கதை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படி ஒரு கட்டத்தை நான் நாவலில் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் நம்பமாட்டார், திருத்தித் தரச் சொல்வார். பக்கத்து ஊரில் முகமூடிக்காரன் விரல் நீட்டிய அறுபத்தொன்பதாம் ஆண்டில், முகமூடி இல்லாத ஒருவன் விரல் நீட்டினான்.

அந்த விரலுக்குப் பிறகுதான் சர்க்கார் விழித்தது. மந்திரி ஒருவர் முப்பத்திரண்டு வழக்குகளின் கட்டுகளை எடுத்து உச்ச நீதிமன்றத்தின் அரசாங்க வக்கீலிடம் அனுப்பினார். பத்தாம் நாள், கட்சித் தலைவர் மிஹாலோலியாகோஸும் அங்கத்தினர் சிலரும் கைது செய்யப்பட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த முப்பத்திரண்டு கட்டுகளும் அன்றைக்கு ஒரே ராத்திரியில் எழுதப்பட்டவையா? சைக்கிளில் போன லுக்மான் செத்தபோது அவை எந்த அலமாரியில் இருந்தன? கொல்லப்பட்டவன் கிரேக்கனாக இருந்ததால் அலமாரி திறந்தது என்று சொல்கிறவர்களுக்கு மறுப்புச் சொல்ல என்னால் முடியவில்லை.

வழக்கு 2015 ஏப்ரல் 20-ஆம் தேதி தொடங்கியது. அறுபதுக்கு மேற்பட்ட எதிரிகள். நானூற்றைம்பது நாளுக்கு மேல் கோர்ட்டு கூடியது. ஐந்தரை ஆண்டு! பத்திரிகைக்காரர்கள் சலித்துப் போனார்கள். பல நாட்களில் கூடம் காலியாகக் கிடந்தது. காலியான கூடத்தில் ஒரு நாற்காலி மட்டும் காலியாகவில்லை. பாவ்லோஸின் தாய் மாக்தா ஃபீஸா ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் கறுப்பு உடையில் வந்து உட்கார்ந்தார். மகனைக் கொன்றவனும் அவனை அனுப்பியவர்களும் சில கஜ தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். 1936-இல் ஒரு தாய் அழுத படத்தைப் பார்த்துக் கவிஞர் ஒருவர் ஒப்பாரி எழுதினார். இந்தத் தாய்க்காக யாரும் ஒப்பாரி எழுதவேண்டியிருக்கவில்லை. சாட்சி சொல்வதைக் கேட்டுக்கொண்டு, வாய்தா போட்டால் எழுந்துபோய், மறுநாள் வந்து, அந்த அம்மாள் உட்கார்ந்திருந்ததே போதுமாக இருந்தது.

குடும்பத்தின் வக்கீல்கள் லண்டனிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழுவை அழைத்தார்கள். தெருவிலிருந்த காமிராக்களின் படம், போலீஸ் ரேடியோப் பேச்சு, ஆம்புலன்ஸ் அழைப்பு எல்லாவற்றையும் நொடி நொடியாகக் கோத்து, கொலைக்கு முன்பே போலீசார் அந்த இடத்தில் இருந்ததை அவர்கள் 2018-இல் கோர்ட்டில் காட்டினார்கள். ஆனாலும் 2019 டிசம்பரில் அரசாங்க வக்கீலே எழுந்து, தலைவர்கள் குற்றவாளிகள் அல்ல. குத்தியவன் தன்னிஷ்டமாகக் குத்தினான் என்று வாதாடியதைக் கேட்டு ஊர் திகைத்தது.

நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. 2020 அக்டோபர் 7-ஆம் தேதி, நோய்க் காலத்து முகக்கவசங்களோடு இருபதாயிரத்துக்குக் குறையாத கூட்டம் கோர்ட்டுக்கு வெளியே நின்றது. 'பொன் விடியல்' ஒரு குற்றக் கூட்டம் என்று தீர்ப்பு வந்தது. ரூபாகியாஸுக்கு ஆயுள் தண்டனை. கட்சித் தலைவருக்கும் முக்கியமான சகாக்களுக்கும் பதின்மூன்று ஆண்டு. மாக்தா கோர்ட்டிலிருந்து வெளியே வந்து, இரண்டு கைகளையும் வானத்தை நோக்கி உயர்த்தி, மகனின் பெயரைச் சொல்லிக் கூவினார். கூட்டத்தின் சத்தம் அடங்குமுன் போலீசார் கண்ணீர்ப் புகை அடித்தார்கள். ஓட்டர்கள் அதற்கு முந்தைய ஆண்டே கணக்குத் தீர்த்துவிட்டிருந்தார்கள். 2019 ஜூலைத் தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. உயிரோடு இருந்தபோது பேட்டைக்குள் மட்டும் ஒலித்த அவன் குரலை இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். ஊர்வலங்களில் அவன் பாட்டை ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். செப்டம்பர் மாதம் வந்தால் அவன் பெயரில் கச்சேரி நடக்கிறது. எல்லாம் சரி. ஆனால் தியாகியின் பாட்டு என்று கேட்கும்போது, பாட்டு எங்கோ பின்னால் போய்விடுகிறது. எந்த இடத்தில் மூச்சு வாங்கினான், எந்தச் சொல்லை இழுத்தான், எந்த அடி சரியாக விழவில்லை என்று இனிமேல் யார் கவனிப்பார்கள்? நாற்பது வயதில் அவன் என்ன பாடியிருப்பான்? மார்கோஸின் மிகச் சிறந்த பாட்டுகளில் ஒன்று முப்பது வயதில் வந்தது. அதற்குப் பிறகும் முப்பத்தேழு ஆண்டு அவர் வாழ்ந்தார். தோற்றார், மறக்கப்பட்டார், முதுமையில் மறுபடியும் கண்டெடுக்கப்பட்டார். ஒரு கலைஞனுக்கு வரவேண்டிய அந்த ஏற்ற இறக்கம் எதுவும் பாவ்லோஸுக்கு வாய்க்கவில்லை. அவன் முப்பத்து நான்கிலேயே நிற்கிறான்.

அவன் விழுந்த தெருவுக்கு அன்றைக்குப் பனாகி த்ஸல்தாரிஸ் தெரு என்று பெயர். 1934-இல் 'பிரேயஸ் நால்வர்' புஸூகியை மடியில் வைத்துக்கொண்டு முதல் கச்சேரி செய்தபோது கிரேக்கத்தின் பிரதம மந்திரியாக இருந்தவர் அந்த த்ஸல்தாரிஸ். கெரட்ஸீனி நகரசபை பிற்பாடு அந்தத் தெருவின் பெயரை மாற்றியது. குத்துப்பட்ட இடத்தில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. தெருப் பலகையில் 'பாவ்லோஸ் ஃபீஸாஸ் தெரு' என்று எழுதியிருக்கிறது.